சுவெட்டர் போட்ட ஆட்டுக்குட்டிகள்

மகன்,

கோபமாக இருந்தாலும் ஸலாமை விட்டுவிட முடியாது. அதனால் முதலில் உனக்கு என் ஸலாம். கோபம் பின்னால் வருகிறது.

நிக்காஹ்வுக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. எத்தனை சஹன் சோறு வைப்பது என்று எண்ணி, எண்ணியதை இரண்டு தரம் மாற்றியும் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் நீயும் உனக்குப் பேசிய அந்தப் பிள்ளையும் கதைப்பதில்லை என்று எனக்கு நேற்றுத்தான் தெரிய வந்தது. காரணத்தையும் விசாரித்தேன். வலீமா விருந்து அன்று மேலே பறந்து படம் பிடிக்கிற கமெரா வேண்டுமென்று அவள் கேட்டாளாம். முகட்டு ஓடுகளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீ கேட்டாயாம். கல்யாணத்துக்குப் பிறகு பிடிக்க வேண்டிய சண்டையை இப்போதே பிடித்து முடித்துவிட்டால் மிச்சக் காலத்துக்கு இரண்டு பேரும் என்ன செய்வதாக உத்தேசம்? இன்னொன்றையும் யோசித்துப் பார். நீ குறிஞ்சிப்பிட்டிக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய். அது அவளுடைய வீடு. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுக்க அங்கே உனக்கென்று தனி அறை கிடையாது, முற்றத்தில்தான் போய் நிற்க வேண்டும். முற்றத்தில் அவளுடைய வாப்பா கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த மனிதர் மிளகாய்ச் செடிக்கு வருகிற நோயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பாங்கு சொல்லும்வரை நிறுத்த மாட்டார் என்பதைப் பெண் கேட்டுப் போன அன்றே நான் கண்டுகொண்டேன்.

இதையெல்லாம் நேரில் சொல்லலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ ஃபோனைப் பார்த்தபடியே "ம்ம் உம்மா, ம்ம்" என்கிறாய். ஆகவே எழுதி உன் தலையணை மேல் வைக்கிறேன். உன் வாப்பாவும் நானும் ஒரு மாரி காலத்தில் கதைக்காமல் இருந்தோம். நீ அப்போது மலைநாட்டில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. விடுமுறையில் வந்தபோது நீ கண்டதெல்லாம் அந்தக் கதையின் வால் மட்டும்தான்.

அது யுத்தம் முடிந்து மன்னார்ப் பக்கம் திறந்துவிட்ட காலம். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் வெளியேறச் சொல்லி இந்தக் கற்பிட்டிப் பக்கம் வந்த நம் ஆட்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்க் காணியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள்: காடு, ஒரே காடு. உன் வாப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவரும் காடு என்றுதான் சொன்னார், ஆனால் சுவனத்தைப் பார்த்துவிட்டு வந்த முகத்தோடு சொன்னார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் அகதி முகாமிலே பெரிய பிள்ளையாகி, முகாமிலே கல்யாணம் முடித்து, ஓலைக் கொட்டிலில் உன்னைப் பெற்று, பிறகு இந்தக் கல்வீட்டுக்கு வந்தவள். கிணறு வெட்டிய அன்று உப்புத் தண்ணீர் வந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு நின்று, நல்ல தண்ணீர் வந்ததும் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதவள். எனக்கு ஊர் இதுதான்.

வீட்டில் ஒரு குறைதான் இருந்தது. பின்பக்கத்துக் குசினிக்குக் கூரை இல்லை என்றே சொல்லலாம். கிடுகு ஓலை உக்கிப்போய் மழை நேராக அடுப்பில் விழும். மாரி தொடங்குமுன் தகரம் போட்டுத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு நாள் உன் வாப்பா வண்ணாத்திவில்லுவில் தெரிந்தவர் ஒருவரிடம் தகரம் இருக்கிறதென்று சின்ன லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். பின்னேரம் லொறி திரும்பி வந்தது. பின்தட்டில் மூன்று ஆடுகள் நின்றன. முன்சீட்டில் சாரதிக்கும் உன் வாப்பாவுக்கும் நடுவில் இன்னொரு ஆடு நீளக் காதைத் தொங்கப்போட்டு, கல்யாணப் பொம்பிளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தகரம் எங்க?" என்றேன்.

"எல்லாம் சினை ஆடு" என்றார்.

"தகரம் எங்க எண்டு கேட்டன்."

"ஒவ்வொன்டும் ரெண்டு ரெண்டு போடும். ரெண்டு வருஷத்தில பட்டி நிறைஞ்சிரும். தகரம் குட்டி போடுமா?"

"குசினி ஒழுகுது."

அப்போதுதான் அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொன்னார். "மன்னாருக்குப் போற ஆக்களுக்கு இங்க என்னத்துக்குக் குசினி?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. "போங்க. நல்லாப் போங்க. உங்கட ஆட்டையும் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அதோடு எங்கள் கதை பேச்சு நின்றது.

கதைக்காமல் இருப்பது லேசான வேலை என்று நினைக்காதே, மகன். கதைப்பதைவிட அதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அவர் எனக்குச் சொல்ல வேண்டியதை முகட்டைப் பார்த்துச் சொன்னார். "சாரம் ஒன்டும் காயல்ல போல" என்று முகட்டிடம் சொன்னால், எனக்குச் சொல்கிறார் என்று அர்த்தம். நான் முற்றத்துச் சேவலிடம் பதில் சொன்னேன். முக்கியமான செய்தி என்றால் பக்கத்து வீட்டு ஹலீமா ராத்தா கொண்டுபோவாள். கற்பிட்டியிலே பிறந்து வளர்ந்தவள், மனம் தங்கம், வாய்தான் கொஞ்சம் உறைப்பு. "சோறு மூடி வைச்சிரிக்கி எண்டு சொல்லுங்க ராத்தா" என்று நான் சொல்லி அனுப்பினால், அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, சோறு இரிக்காம், திண்டாத் தின்னட்டாம், இல்லாட்டி ஆட்டுக்குப் போடட்டாம்" என்பாள். ஆடுகளுக்கு அவர் பெயர் வைக்கவில்லை, நான் வைத்தேன். முதலாம் தகரம், இரண்டாம் தகரம், மூன்றாம் தகரம், நாலாம் தகரம். அவருக்குக் கேட்கும்படி கூப்பிடுவேன். அவர் பல்லைக் கடிப்பார். ஆடுகள் மட்டும் அந்தப் பெயர்களுக்கு நன்றாகவே பழகிவிட்டன.

பிறகு மாரி இறங்கியது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று ரேடியோவில் சொன்னார்கள். வானம் நாட்கணக்கில் வெளுக்கவே இல்லை. வாடைக் காற்று களப்புத் தண்ணீரைத் தாண்டி வந்து வீட்டின் ஒவ்வொரு ஓட்டையிலும் விசில் அடித்தது. மலைநாட்டில் இருந்த நீ இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பாய். ஆனால் ஈர உடம்போடு பூமிக்கு வந்து விழுகிற குட்டிக்கு அந்தக் காற்று போதும். உன் வாப்பா பின்சுவரோடு சேர்த்துக் கிடுகும் உரப்பையும் வைத்து ஆடுகளுக்கு ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார். ஒரு நாள் விடிந்து நான் தேயிலைக்குத் தண்ணீர் வைக்கும்போது அந்தச் சாய்ப்பு மொத்தமாகப் பறந்து ஹலீமா ராத்தாவின் முருங்கையில் போய்த் தொங்கியது. அதே நேரத்தில் முதலாம் தகரம் கத்தத் தொடங்கியது. நாலும் ஒரே கிடாய்க்கு ஒரே காலத்தில் சேர்ந்தவை. குட்டி போடுவதற்கும் மூன்று ஆடுகள் ஒரே நாளைத் தெரிந்தெடுத்துவிட்டன.

குட்டிகளைச் சூடாக வைக்க வேண்டும். வீட்டில் சூடான இடம் குசினி அடுப்படிதான். அடுப்படியில் மழை பெய்துகொண்டிருந்தது. அன்று எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, மகன்! தகரம் ஆடாக மாறியதையும், அந்த ஆட்டுக்கு இப்போது தகரம் தேவைப்படுவதையும் எடுத்துச் சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் கதைப்பதில்லை என்று இருக்கிறேனே! விழுங்கிக்கொண்டேன். அவர் ஈரக் குட்டி ஒன்றைச் சாரத்தில் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நான் முன்மண்டபத்தில் விரித்திருந்த நல்ல பாயைச் சுருட்டி எடுத்துச் சாக்கை விரித்தேன். பெருநாளுக்குச் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்கிற அந்த மண்டபத்துக்குள் நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குள் நாலு ஆடும் வந்து சேர்ந்தன. ஒன்றுக்கு இரண்டு, இன்னொன்றுக்கு ஒன்று, மூன்றாம் தகரத்துக்கு இரண்டு நோஞ்சான்கள். நாலாம் தகரம் கடைசிவரை குட்டி போடவில்லை. குளிருக்கு வந்த விருந்தாளி மாதிரி மூலையில் நின்று என் காலண்டரைத் தின்றது.

எங்கள் இருவருக்கும் ஆடு வளர்ப்பு அவ்வளவாகத் தெரியாது. அவருடைய வீட்டில் ஆடு இருந்ததென்றாலும் அதைப் பார்த்தது அவருடைய உம்மா. அவர் ஒரு சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கரியைத் தணலாக்கிக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அரைவாசி ஈரச் சிரட்டை. மண்டபம் முழுக்கப் புகை. ஆடுகள் இருமின, நாங்கள் இருமினோம், வேலிக்கு அந்தப் பக்கம் ஹலீமா ராத்தா, "யா அல்லாஹ், வீட்டைக் கொளுத்திட்டாங்க!" என்று கத்தினாள். சட்டி வெளியே போனது. நான் மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றினேன். அது பல்லில்லாதவர் கன்னம் மாதிரி உள்ளே போய்ச் சுருண்டது. பிறகு நோன்புக் காலத்துச் சர்பத்தின் கண்ணாடிப் போத்தல்களை எடுத்து, சுடுதண்ணீர் நிரப்பி, தலை துடைக்கிற துவாயால் சுற்றி, குட்டிகளின் இரு பக்கமும் கிடத்தினேன். அது சரி வந்தது. அவர் பழைய சாக்கால் குட்டிகளைத் தேய் தேய் என்று தேய்த்தார். நல்ல குட்டிகள் மூன்றும் எழுந்து நின்று தாயிடம் முட்டிக் குடித்தன. ஆனால் கதவு இடுக்கால் வந்த காற்றில் அவையும் நடுங்கின. போர்த்தினால் உதறிவிட்டன.

அலுமாரியைத் திறந்தேன். உன் நீலச் சுவெட்டர் மடித்தபடி இருந்தது, விடுதிக்கு எடுத்துப்போக மறந்த சுவெட்டர். அதையும் கத்தரிக்கோலையும் எடுத்து அவரைப் பார்த்தேன். அவர் சுவெட்டரைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார், முகட்டைப் பார்த்து, "பொடியன் ஏசுவான்" என்றார். நான் சேவலைத் தேடினேன், காணவில்லை. ஆகவே பதில் சொல்லாமலே வெட்டினேன். இரண்டு கையும் இரண்டு குட்டிக்கு, உடம்பு ஒரு குட்டிக்கு. முன்கால்களுக்கு ஓட்டை வைத்துப் போட்டுவிட்டால், என்ன சொல்ல, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி நின்றன. தாய் ஆடு முகர்ந்து பார்த்தது. உன் சவர்க்கார மணமாக்கும், யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று ஒரே முட்டு. சுவெட்டரின் கை போட்ட குட்டி மண்டபத்தின் மறுகரைக்குப் போனது. சாக்கில் இருந்த பிறப்பு ஈரத்தைச் சுவெட்டரில் பூசிய பிறகுதான் தன் பிள்ளை என்று ஒத்துக்கொண்டது.

மிச்சம் அந்த இரண்டு நோஞ்சான்கள். எழும்பவே இல்லை. விரலை வாய்க்குள் வைத்துப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. தாயில் கறந்த முதல் பாலைக் கரண்டியால் ஊற்றப் போனேன். "வாய் சூடாகுமுன்ன ஊத்தாத புள்ள, நெஞ்சடைச்சிரும்!" என்று ஹலீமா ராத்தா யன்னலுக்கு வெளியே குடையோடு நின்று கத்தினாள். சரி, சூடாகும்வரை மடியில் வைத்துக்கொள்வோம் என்று ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு சுவரில் சாய்ந்து, நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து. கையை எடுக்க முடியாது, எழும்பவும் முடியாது. துவாய் அவர் பக்கத்தில் இருந்தது, எனக்கு அது வேண்டும். என்ன செய்வேன்? மடியில் இருந்த குட்டியிடம் சொன்னேன்: "உங்கட வாப்பாட்டச் சொல்லுங்க, அந்தத் துவாயைக் காலால தள்ளி விடட்டாம்."

அவர் தன் குட்டியைப் பார்த்து, "உங்கட உம்மாட்டச் சொல்லுங்க, என்ட கால் மரத்துப் போச்செண்டு" என்றார்.

"மரத்த காலோட மன்னாருக்கு எப்பிடி நடக்கிறயாம் எண்டு கேளுங்க."

"பஸ் இரிக்கெண்டு சொல்லுங்க."

யன்னலுக்கு வெளியே ராத்தா சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்கு ஓடிவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவருடைய குட்டி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. அவர் அதைச் சட்டைக்கு மேலே அணைத்துக்கொண்டிருந்தார், சட்டையோ சொட்டச் சொட்ட ஈரம். அதைக் கண்டதும் எனக்கு எல்லாம் மறந்துபோனது.

"ஈரச் சட்டையில வைச்சா எப்பிடிச் சூடாகும்? பொத்தானைக் கழட்டுங்க! உள்ளுக்கு வைங்க, தோலோட வைங்க! எங்கட வாப்பா தம்பிய வைச்ச மாதிரி!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பொத்தானைக் கழற்றிக் குட்டியை உள்ளே வைத்தார்.

"எப்ப வைச்சாரு?" என்றார்.

எங்களை வெளியேறச் சொன்ன நேரம் நாங்கள் மன்னாரிலிருந்து வள்ளத்தில்தான் வந்தோம், மகன். உனக்கு அது தெரியும், ஆனால் வள்ளத்துக்குள் நடந்ததை நான் உனக்குச் சொன்னதில்லை, அன்றுவரை உன் வாப்பாவுக்கும் சொன்னதில்லை. மழை. உன் சின்ன மாமா பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. உம்மாவின் சேலை முழுக்க நனைந்துவிட்டது. பிள்ளை அழுதுகொண்டிருந்து அழுகையை நிறுத்திவிட்டது. அப்போது என் வாப்பா சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சோடு வைத்து, மேலால் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, கற்பிட்டிக் கரை தெரியும்வரை கூனிக்கொண்டே இருந்தார். நான் அந்தச் சட்டைக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்று தன் சொந்தச் சட்டைக்கே பொத்தான் பூட்ட முடியாத வயிறோடு திரிகிற உன் மாமாதான் அந்தப் பிள்ளை.

இதை நான் சொல்லி முடித்தபோது உன் வாப்பா குட்டியின் முதுகைச் சட்டைக்கு மேலால் தடவிக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டில ஆட்டை அவிழ்த்து விட்டுட்டுத்தான் வந்தம்" என்றார். "உம்மா தொட்டி நிறையத் தண்ணி ஊத்தி வைச்சா. ரெண்டு நாளைக்குப் போதும் எண்டா. திரும்பி வந்துருவம் எண்டு நினைச்சிட்டா."

அவர் குட்டியின் காதைச் சட்டைக்குள் தள்ளி மூடினார்.

"அதுக்காகத்தான் இதுகள வாங்கின. ஆட்டோட போனாத்தான் வீட்டுக்குப் போன மாதிரி" என்றார்.

"நீங்க விட்டுட்டு வந்த வீட்டை நினைச்சுக் கவலைப்படுறீங்க" என்றேன். "நான் இதையும் விட்டுட்டுப் போகணுமா எண்டு கவலைப்படுறன். ரெண்டு தரம் ஏலாது எனக்கு."

அவர் மரத்த காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து என் பக்கத்துக்கு வந்தார். சட்டையை விலக்கி, "வாய்க்குள்ள விரல வைச்சுப் பாரு, சூடாயிட்டா?" என்று கேட்டார். அவருடைய குட்டி என் விரலைச் சப்பியது. என்னுடையதின் வாய் அப்படியே இருந்தது. அதற்கும் என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்பு அது போய்விட்டது. அவ்வளவு சின்ன உயிர், எப்போது போனதென்றே தெரியவில்லை. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டப் போனார். நான் குடையைக் கொண்டுபோய் அவருக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். "நனையிறாய், உள்ளுக்குப் போ" என்றார். போகவில்லை. ஹலீமா ராத்தா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "ஆ, கதைக்கத் தொடங்கிட்டாங்களா? இனி எனக்கு வேலையில்ல" என்றாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் அது உறைத்தது. வெட்கமாகிவிட்டது. அவர் குழியைப் பார்த்தார், நான் குடையைப் பார்த்தேன்.

நீ விடுமுறைக்கு வந்தபோது வாசலில் உன் நீலச் சுவெட்டர் மூன்று துண்டாக ஓடிவந்து உன்னை முட்டியது. நீ பையைப் போட்டுவிட்டு, "உம்மா, இது என்ட கை!" என்று கத்தியது ஹலீமா ராத்தாவின் வீடுவரை கேட்டது. நானும் உன் வாப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "எலி வெட்டினது" என்று ஒரே நேரத்தில் சொன்னோமே, ஞாபகம் இருக்கிறதா? அத்தனை நாள் பேசாமல் இருந்தவர்கள் அவ்வளவு ஒற்றுமையாகப் பொய் சொன்னது உனக்கு எங்கே விளங்கப் போகிறது.

கோடை வந்ததும் அவர் குசினிக்குத் தகரம் போட்டார். அதற்குப் பிறகுதான் நாலில் இரண்டு ஆட்டையும் குட்டிகளையும் கொண்டு ஊருக்குப் போய்க் காடு வெட்டினார். நான் முதலில் விருந்தாளியாக, சொந்தத் தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது நோன்புப் பெருநாள் இங்கே, ஹஜ்ஜுப் பெருநாள் அங்கே. இதில் யார் வென்றது என்று உன் மாமா கேட்பார். எங்களுக்கே தெரியாது. பஸ் கண்டக்டருக்குத்தான் லாபம்.

உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், மகன். கோபம் வரும், வரட்டும். கதைக்காமலும் இரு, நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள் இரு. அவளுடைய கையில் ஏதாவது கனமாக இருந்தால் மற்றப் பக்கத்தைப் பிடி. யார் சரி, யார் பிழை என்று தீர்த்துவிட்டுத்தான் கதைப்பேன் என்று உட்கார்ந்தால் கபுறுக் குழி வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம். நாங்கள் அன்று ஒன்றையும் தீர்க்கவில்லை. குட்டிக்கு வாய் சூடாகிவிட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டோம்.

இன்னொரு விஷயம். அந்தப் பிள்ளை நேற்று எனக்கு ஃபோன் எடுத்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கால் நோவு எப்படி என்று கேட்டாள், உன் வாப்பா எப்போது ஊரிலிருந்து வருகிறார் என்று கேட்டாள், ஹலீமா ராத்தாவைக்கூட விசாரித்தாள். இவ்வளவு பேரைச் சுற்றி வந்தும் உன் பெயர் வாயில் வராமல் பார்த்துக்கொண்டாளே, அதிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் அவளுக்கு ஒரு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை உன் ஃபோன் அடிக்கும். பெயின்ற்காரன் வாளியோடு நிற்கிறான், உங்கள் இரண்டு பேருடைய அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று அவள் கேட்பாள். வேறு ஒன்றும் கேட்க மாட்டாள். நீயும் பழையதை இழுக்காதே. "உனக்கு விருப்பமானதை அடி" என்றும் சொல்லாதே, அது பதில் இல்லை, தப்பித்து ஓடுவது. வாயைத் திறந்து ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லு. அவள் அது வேண்டாம் என்பாள். அங்கேயிருந்து கதைக்கத் தொடங்குங்கள்.

உன் உம்மா